சினை ஆட்டுக்குப் போடக்கூடிய ஊசி

சினை ஆடு குட்டி வீசிவிடக் கூடாது என்பதற்காக ஊசி போடுகிறோம். அந்த ஊசியே ஆட்டைக் குட்டி வீச வைத்தால் என்ன செய்வது? ஆப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் முக்கால் நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடுதான் காலம் தள்ளி வருகிறார்கள். ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற வைரஸ் நோய்க்கு அவர்களிடம் இருக்கும் பழைய தடுப்பூசியின் பெயர் ஸ்மித்பர்ன். அதில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். விலை குறைவு, ஒரு முறை போட்டால் நெடுநாள் தாங்கும். ஆனால் சினை ஆடுகள் சிலவற்றை அது குட்டி வீச வைக்கிறது. சில குட்டிகள் ஊனத்தோடு பிறக்கின்றன. சினை ஆட்டுக்குப் போடாதீர்கள் என்று எச்சரிக்கையில் எழுதிவிடலாம். மேய்ச்சலுக்கு அலையும் நூற்றுக்கணக்கான ஆடுகளில் எது சினை, எத்தனை வாரச் சினை என்று யார் சொல்வது? அதுவும் இளம் சினையில்தான் ஆபத்து அதிகம், அப்போதுதான் வயிற்றைப் பார்த்து ஒன்றும் தெரியாது. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வு நிலையத்தில் ஜெரோன் கோர்டெகாஸ், பால் விஹர்ஸ் ஸ்க்ரூர் ஆகியோரின் குழு பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்தச் சிக்கலில் உழைத்து எட்டியிருக்கும் விடை, இந்த ஒரு நோயைத் தாண்டியும் கவனிக்க வேண்டியது. உயிருள்ள தடுப்பூசியின் பாதுகாப்பை அதிர்ஷ்டத்திடமும் எச்சரிக்கை வாசகத்திடமும் விட்டுவைக்கத் தேவையில்லை, வைரஸின் கட்டமைப்பிலேயே அதைப் பதித்துவிட முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அவசரம் புரியும். 1930இல் கென்யாவின் நைவாஷா ஏரியை ஒட்டிய பண்ணைகளில் செம்மறிக் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சினை ஆடுகள் குட்டி வீசின. டாப்னி, ஹட்சன், கார்ன்ஹாம் ஆகிய மூவர் அது ஒரு வைரஸ் என்று 1931இல் நிறுவினார்கள். நோயைச் சுமப்பது கொசு. ஏடிஸ் இனக் கொசுக்கள் சில, தாழ்வான புல்வெளிகளின் மண்ணில் இடும் முட்டைகளிலேயே வைரஸ் தங்கிவிடும். காய்ந்த மண்ணில் அந்த முட்டைகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எல் நினோ ஆண்டின் பெருமழையில் பள்ளங்கள் நிரம்பினால் கொசுவும் நோயும் சேர்ந்து கிளம்பும். நோய் பரவிய மந்தையில் கிட்டத்தட்ட எல்லாச் சினையும் கலைந்துபோவதும் உண்டு. பிறந்த சில நாள் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. நோயுற்ற ஆட்டை அறுப்பவருக்கும், வீசிய குட்டியைக் கையால் அள்ளுபவருக்கும் அது தொற்றும். பெரும்பாலோருக்குச் சாதாரணக் காய்ச்சலாகக் கடந்துபோகும். சிலருக்குக் கண் பார்வை போகும். சிலர் ரத்தக்கசிவில் இறப்பார்கள். 1977இல் எகிப்தில் அறுநூறு பேர் அளவில் இறந்தார்கள். 2000இல் அது செங்கடலைத் தாண்டி சவூதி அரேபியாவுக்கும் ஏமனுக்கும் போனது. அதன் பிறகு ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளிலிருந்து ஆடுமாடுகளை இறக்குமதி செய்ய சவூதி விதித்த தடை பல ஆண்டுகள் நீடித்தது. கால்நடை ஏற்றுமதியையே பெரிதும் நம்பியிருக்கும் சோமாலியா போன்ற நாட்டுக்கு அந்தத் தடை நோயைவிடக் கொடிது.

இவ்வளவு சிரமப்பட்டு உயிருள்ள வைரஸை ஏன் போட வேண்டும், கொன்றுவிட்ட வைரஸைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொன்ற வைரஸால் செய்த தடுப்பூசி இந்த நோய்க்கும் இருக்கிறது. அது குட்டி வீச வைப்பதில்லை. ஆனால் ஓர் ஊசி போதாது, சில வாரம் கழித்து இன்னொன்று வேண்டும், பிறகு ஆண்டுதோறும் வேண்டும். 2006இன் இறுதியில் கென்யாவில் நோய் வெடிப்பதற்கு முன், செயற்கைக்கோள் தரும் மழை, பசுமைத் தகவல்களைக் கொண்டு விஞ்ஞானிகள் முன்னறிவிப்பு தந்தார்கள். அது பெரிய சாதனை. அந்த முன்னறிவிப்பு தந்த அவகாசம் இரண்டு முதல் ஆறு வாரம். அதற்குள் மருந்தை வரவழைத்து, வெள்ளத்தில் அடித்துப்போன சாலையில் கொண்டுபோய், இடம் மாறிக்கொண்டே இருக்கும் மந்தையைத் தேடிப்பிடித்து ஊசி போட வேண்டும். அதே மந்தையை மறுபடி தேடி இரண்டாம் ஊசி போடுவது நடக்கிற காரியமல்ல. தவிர, கொன்ற தடுப்பூசி மாசற்றது என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியல்ல. அதைத் தயாரிக்க முதலில் வீரியம் குறையாத வைரஸைப் பெருமளவில் வளர்த்தாக வேண்டும். 1980களில் ஐரோப்பாவில் கோமாரி நோய் கிளம்பிய சில இடங்களில் காரணம் தேடியவர்கள், சரியாகக் கொல்லப்படாத தடுப்பூசி வைரஸில்தான் வந்து நின்றார்கள். ஆகவே, ஓர் ஊசியில் வேலை முடிய வேண்டிய இடத்தில் உயிருள்ள தடுப்பூசியைக் கைவிட முடியாது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

பழைய முறை எளிது. நோய் தரும் வைரஸை அதற்குப் பழக்கமில்லாத உடலிலோ செல்லிலோ திரும்பத் திரும்ப வளர்ப்பது. புதிய இடத்துக்குப் பழகப் பழக, பழைய இடத்தில் அதன் மூர்க்கம் குறையும். ஸ்மித்பர்ன் என்ற ஆய்வாளர் உகாண்டாவில் 1944இல் கொசுக்களிலிருந்து எடுத்த வைரஸை எலிக் குஞ்சுகளின் மூளையில் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றி வளர்த்துத்தான் தன் தடுப்பூசியை உண்டாக்கினார். கல்லீரலைத் தாக்கும் குணம் குறைந்தது. நரம்பைத் தாக்கும் குணம் கூடியது. கருவில் வளரும் குட்டியின் மூளையை அது ஏன் சிதைக்கிறது என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. வைரஸின் மரபெழுத்தில் எது மாறியது, எது மூர்க்கத்தைக் குறைத்தது என்று அன்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கருவியும் இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்வது அபத்தம். 1980களில் அமெரிக்கர்கள் இன்னொரு வழியில் போனார்கள். எகிப்திலிருந்து கிடைத்த வைரஸை, மரபெழுத்தில் பிழை விழவைக்கும் ஒரு வேதிப்பொருளோடு சேர்த்துப் பன்னிரண்டு முறை வளர்த்து எம்.பி.12 என்ற தடுப்பூசியைச் செய்தார்கள். ஸ்மித்பர்னைவிட நல்லதுதான். ஆனால் இளம் சினை ஆடுகளுக்குப் போட்டுப் பார்த்த தென்னாப்பிரிக்க ஆய்வில் குட்டிகளில் ஊனம் தென்பட்டது. குருட்டாம்போக்கில் விழவைத்த பிழைகள் எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவற்றில் எவை திரும்பிச் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது.

திருப்பம் தற்செயலாக வந்தது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இலேசான காய்ச்சலோடு தப்பிய ஒரு நோயாளியிடமிருந்து 1974இல் எடுத்த வைரஸைப் பிறகு ஆய்வகத்தில் தனித்தனியாகப் பிரித்து ஆராய்ந்தபோது, அதில் ஒரு வகை எலிகளைக் கொல்லவே இல்லை. குளோன் 13 என்று அதற்குப் பெயர். அதன் மரபெழுத்தில் ஒரு புரதத்துக்கான பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் காணாமல் போயிருந்தது. என்.எஸ்.எஸ். எனப்படும் அந்தப் புரதம், உடல் எழுப்பும் முதல் எச்சரிக்கையான இன்டர்ஃபெரானை ஊமையாக்கும் வேலையைச் செய்கிறது. அது இல்லாத வைரஸை உடல் உடனே கண்டுகொண்டு அடக்கிவிடுகிறது. இந்த நோயின் மூர்க்கத்துக்குக் காரணம் இன்னது என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தது இதற்குப் பிறகுதான். தென்னாப்பிரிக்கா 2010இல் குளோன் 13ஐத் தடுப்பூசியாகப் பதிவு செய்தது. பிரச்சினை தீர்ந்தது என்றே பலர் நினைத்தார்கள். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுத்தது. இளம் சினை ஆடுகளுக்கு வழக்கத்தைவிட அதிக அளவில் செலுத்தியபோது குளோன் 13 நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குள் போனது. ஊனக் குட்டிகளும் இறந்து பிறந்த குட்டிகளும் வந்தன. களத்தில் அவ்வளவு அளவு யாரும் போடுவதில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கருவுக்கு இன்னும் தனக்கென இன்டர்ஃபெரான் அரண் சரியாக எழவில்லை என்றால், அந்த அரணை உடைக்கும் ஆயுதம் இல்லாத வைரஸும் அங்கே பிழைத்துக்கொள்ளும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. ஒரே ஒரு குறையை நம்பி நிற்கும் தடுப்பூசிக்கு, அந்தக் குறை செல்லுபடியாகாத இடம் ஒன்று எங்கேனும் இருக்கும்.

வாகனிங்கன் குழு செய்தது இங்கேதான் வேறுபடுகிறது. ரிஃப்ட் பள்ளத்தாக்கு வைரஸின் மரபுப் பொருள் மூன்று துண்டுகளாக இருக்கிறது: பெரியது, நடுத்தரம், சிறியது. நடுத்தரத் துண்டில்தான் வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் இரண்டு புரதங்களுக்கான கட்டளை அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கிறது. உடல் எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்வதும் இந்த இரண்டைப் பார்த்துத்தான். அவர்கள் அந்தத் துண்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு தனித் துண்டு என்று ஆக்கினார்கள். வைரஸுக்கு இப்போது நான்கு துண்டுகள். என்.எஸ்.எஸ். புரதத்துக்கான பகுதியையும் முழுதாக நீக்கிவிட்டார்கள். இப்படி ஒரு வைரஸ் பிழைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. பிழைக்கிறது என்று 2014இல் காட்டினார்கள். ஆனால் தட்டுத்தடுமாறித்தான். புதிதாக உருவாகும் ஒவ்வொரு வைரஸும் நான்கு துண்டுகளையும் ஒன்றுசேர்த்துத் தன்னுள் அடைத்துக்கொள்ள வேண்டும். பல துகள்கள் ஒன்றோ இரண்டோ குறைந்தபடியே வெளியேறி வீணாகின்றன. பரவுவது மந்தமாகிறது. மேற்பரப்புப் புரதங்கள் இரண்டும் அசல் வடிவத்திலேயே இருப்பதால் எதிர்ப்புச் சக்திக்கு மட்டும் குறை வருவதில்லை: செம்மறிகளுக்கு ஒரே ஊசி போட்டு, பிறகு நிஜ நோய் வைரஸைச் செலுத்திப் பார்த்தபோது அவற்றின் ரத்தத்தில் நோய் வைரஸ் தலைகாட்டவே இல்லை. சினை ஆடுகளுக்குப் போட்ட சோதனைகளில் தடுப்பூசி வைரஸ் கருவை எட்டவில்லை. ஒரு பூட்டை உடைத்தால் இன்னொன்று இருக்கும் வீடு இது. குளோன் 13இல் இருந்தது ஒரே பூட்டு.

பூட்டுகளின் எண்ணிக்கையைவிட அவை தனித்தனித் துண்டுகளில் இருப்பது முக்கியம். துண்டு துண்டாக மரபுப் பொருள் வைத்திருக்கும் வைரஸ்கள் இரண்டு ஒரே செல்லுக்குள் சந்தித்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். 2010இல் தென்னாப்பிரிக்காவில் நோய் பரவியிருந்த நேரம், ஆடுகளுக்கு ஸ்மித்பர்ன் ஊசி போடும்போது தவறுதலாகத் தன்னைக் குத்திக்கொண்ட ஒருவரிடமிருந்து எடுத்த வைரஸ், தடுப்பூசி வைரஸும் களத்து வைரஸும் கலந்த ஒன்றாக இருந்தது. நான்கு துண்டு வைரஸ் அப்படிக் களத்து வைரஸோடு கலந்தால் என்ன ஆகும்? முழு மூர்க்கம் திரும்ப வேண்டுமானால் உடையாத நடுத்தரத் துண்டையும், என்.எஸ்.எஸ். உள்ள சிறிய துண்டையும் களத்து வைரஸிடமிருந்தே முழுதாக வாங்கியாக வேண்டும். வாங்கிய பின் கையில் இருப்பது ஏறக்குறைய அதே களத்து வைரஸ்தான். ஏற்கெனவே இருப்பதைவிடக் கொடிய புதிது ஒன்று பிறக்க அங்கே வழியில்லை. ஆபத்து குறைவு என்று சோதனை முடிவை வைத்துச் சொல்வது ஒன்று. ஆபத்துக்கான பாதையையே கட்டமைப்பில் அடைத்துவிட்டோம் என்று காரணத்தோடு சொல்வது வேறு. இரண்டாவதைச் சொல்ல முடிந்த உயிருள்ள கால்நடைத் தடுப்பூசிகள் மிகச் சில.

இந்தக் கலப்பு அச்சம் மிகையானது என்று கருதுவோர் தோல் கழலை நோயின் அண்மை வரலாற்றைப் பார்க்க வேண்டும். 2017இல் ரஷ்யாவின் சரடோவ் பகுதியில் மாடுகளுக்கு வந்த தோல் கழலை வைரஸின் மரபெழுத்தைப் படித்தபோது, அது களத்து வைரஸும் தடுப்பூசி வைரஸும் மாறி மாறிக் கோத்த ஒன்றாக இருந்தது. பக்கத்து நாடான கஜகஸ்தானில் அதற்கு முன் பயன்பட்ட, கென்யாவில் தயாரான ஒரு தடுப்பூசியைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். ஒரே வைரஸ் இருக்க வேண்டிய குப்பியில் வெவ்வேறு வைரஸ்களும் அவற்றின் கலப்புகளும் இருந்தன. இவ்வகைக் கலப்பு வைரஸ்கள் பிறகு சீனா, வியட்நாம், தாய்லாந்து வரை மாடுகளில் பரவின. (2022இல் இந்தியாவில் பல்லாயிரம் மாடுகளைப் பலி வாங்கிய வைரஸ் இந்தக் கலப்பு வகை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்; இரண்டையும் குழப்பிப் பேசுவது இப்போது சகஜமாகிவிட்டது.) இங்கே குற்றவாளி வடிவமைப்பு மட்டுமல்ல, தயாரிப்புச் சுத்தமும்தான். எவ்வளவு நன்றாகக் கட்டிய வைரஸும் தொழிற்சாலையில் வேறொன்றோடு கலந்தால் பயனில்லை. ஒவ்வொரு தொகுதி தடுப்பூசியின் மரபெழுத்தையும் முழுதாகப் படித்துப் பார்த்து அனுப்புவதற்கு ஆகும் செலவு, தவறினால் ஆகும் செலவோடு ஒப்பிடுகையில் ஒன்றுமே இல்லை.

இதுவரை சொன்னதற்கு எதிராக வைக்கக்கூடிய ஆகச் சிறந்த வாதம் வெக்கை நோய். உலகிலிருந்து ஒழிக்கப்பட்ட ஒரே கால்நடை நோய் அது, 2011இல் அறிவித்தார்கள். இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டியது 1995இல், தமிழகத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில். அதை ஒழிக்க உதவிய தடுப்பூசியை வால்டர் பிளோரைட் கென்யாவின் முகுகாவில் அதே பழைய முறையில்தான் செய்தார்: கன்றுச் சிறுநீரகச் செல்களில் தொண்ணூறு முறை அளவுக்கு வைரஸை வளர்த்து. சினை மாடு, கன்று என்று எதையும் அது கெடுக்கவில்லை, மூர்க்கமும் திரும்பவில்லை. மரபெழுத்து தெரியாமலே இவ்வளவு நல்ல தடுப்பூசி செய்ய முடிந்தது என்றால் புதிய கட்டமைப்பு எதற்கு? ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் மரபெழுத்தைப் படித்தபோது, மூல வைரஸுக்கும் தடுப்பூசிக்கும் இடையே நூற்றுக்கும் குறைவான எழுத்து வேறுபாடுகளே இருந்தன. அவை பல மரபணுக்களில் பரவிக் கிடந்தன. பிளோரைட்டின் தடுப்பூசியிலும் பல பூட்டுகள் இருந்தன; அவருக்கே தெரியாமல் அமைந்தவை. போதாததற்கு, வெக்கை வைரஸின் மரபுப் பொருள் ஒரே துண்டு. துண்டு மாற்றும் ஆபத்தே அங்கில்லை. அதே நோய்க்கு அதே பழைய முறையில் எட்வர்ட்ஸ் 1920களில் முக்தேஸ்வரில் வெள்ளாடுகள் வழியே செய்த தடுப்பூசி, எளிதில் நோய்ப்படும் இன மாடுகளில் கடும் காய்ச்சலையும் சில சாவுகளையும் உண்டாக்கியது. முறை ஒன்று, விளைவு வேறு. பிளோரைட் பெருமேதை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருக்கு வாய்த்ததை எல்லோருக்கும் வாய்க்கும் என்று திட்டமிட முடியாது.

எதிர்த்திசையிலிருந்து வரும் வாதமும் உண்டு. மரபணுவை அறிந்து வெட்டிய தடுப்பூசிகளும் சறுக்குகின்றனவே? ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு ஒரே ஒரு மரபணுவை நீக்கிச் செய்த உயிருள்ள தடுப்பூசியை வியட்நாம் 2022இல் அனுமதித்தது. அந்த ஆகஸ்டிலேயே ஊசி போட்ட பன்றிகள் நூற்றுக்கணக்கில் இறந்ததால் விநியோகத்தை நிறுத்தினார்கள். அனுமதி பெற்ற வகைப் பன்றிகளைத் தவிர மற்றவற்றுக்கும் போட்டதே காரணம் என்று விளக்கம் வந்தது. மறு ஆண்டு அனுமதி திரும்பியது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், குட்டிக்கும் தாய்ப்பன்றிக்கும் வித்தியாசம் பார்த்துப் போட்டால்தான் பாதுகாப்பு என்ற தடுப்பூசி, ஸ்மித்பர்ன் இருந்த இடத்திலேயே நிற்கிறது. மரபணு அறிவு இருந்தால் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தவறாகப் போட்டாலும், அதிகமாகப் போட்டாலும், சினைக்குப் போட்டாலும் கெடுக்காத அளவுக்கு அந்த அறிவைச் செலவிட வேண்டும். களத்தில் தவறு நடக்கும் என்பதை விதிவிலக்காக அல்ல, விதியாகவே எடுத்துக்கொண்டு சோதிக்க வேண்டும்.

இங்கே சட்டத்தின் பார்வை விசித்திரமானது. வேதிப்பொருளால் குருட்டாம்போக்கில் மாற்றிய உயிரி, நெடுங்காலப் புழக்கம் உள்ள முறை என்பதால், மரபணு மாற்றத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடிகளுக்குள் வருவதில்லை. எந்த எழுத்து எங்கே, ஏன் மாற்றப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லக்கூடிய உயிரியோ அவற்றுக்குள் வருகிறது. தெரியாததற்குச் சலுகை, தெரிந்ததற்குச் சந்தேகம். புதியதைக் கடுமையாகச் சோதிப்பதில் தவறில்லை; சோதிக்கத்தான் வேண்டும். குட்டி வீச வைக்கும் என்று தெரிந்த பழைய தடுப்பூசியை அதே தராசில் நிறுத்தாமல் விடுவதுதான் தவறு. இன்று ஒருவர் ஸ்மித்பர்னைப் புதிதாகச் செய்து அனுமதி கேட்டால் எந்த நாடும் கொடுக்காது. நெடுங்காலமாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் அது நிற்கிறது.

மீதமிருப்பது பணப் பிரச்சினை. பெருமழை பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. நோய் கண்ணில் படாத இடைக்காலத்தில் எந்த மேய்ப்பரும் காசு கொடுத்து ஆட்டுக்கு ஊசி போட மாட்டார், கேட்பார் இல்லாத மருந்தை எந்த நிறுவனமும் தயாரித்துக் குளிர்பெட்டியில் வைத்திருக்காது. நான்கு துண்டு வைரஸை மனிதர்களுக்கான தடுப்பூசியாக்கும் முயற்சிக்குத் தொற்றுநோய் ஆயத்தத்துக்கான சர்வதேச அமைப்பான செப்பி நிதி தருகிறது. ஆடுகளுக்கான வடிவத்துக்கும் அதே அக்கறை வேண்டும், ஏனென்றால் மனிதருக்கு நோய் வருவது பெரும்பாலும் ஆடுமாடுகளின் வழியாக. கென்யாவும் தென்னாப்பிரிக்காவும் சவூதியும் சேர்ந்து ஒரு கையிருப்பை வைத்துக்கொண்டு, மழை முன்னறிவிப்பு வந்த அன்றே இலவசமாகப் போட்டால்தான் அந்த இரண்டு முதல் ஆறு வாரம் பயன்படும். ஸ்மித்பர்னைச் சினை ஆடுகள் இருக்கும் மந்தைக்குப் போடுவதை அதற்குக் காத்திராமல் இப்போதே நிறுத்த வேண்டும்.